ஏழாம் நம்பர் வேம்பு

மேலக்கால் காலனிக்காரர்கள் ஜாய்சிக்கு வைத்திருந்த பெயர் ‘குடும்பக் கட்டுப்பாட்டு டீச்சர்’. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிற வரை பொறுத்திருந்து சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும். மரத்துக்கு மருந்து ஊற்றி வளர்த்தியைக் குறைக்கிறவளுக்கு இந்த ஊர் வேறென்ன பெயர் வைக்கும், இதோடு விட்டதே பெரிது என்று சிரித்துக்கொள்வாள்.

விக்கிரமசிங்கபுரத்தைத் தாண்டி, கால்வாய்க்கரை ஓரமாக இருக்கிறது அந்தக் காலனி. பெரும்பாலும் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் கட்டிய வீடுகள். நடுத்தெருவில் வரிசையாகப் பதினான்கு வேம்புகள், அவற்றின் தலைக்கு மேலே மின்கம்பி. கிளை கம்பியில் உரசினால் காலனியே இருட்டாகிவிடும். அதனால் வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் லைன்காரர்கள் வந்து மரங்களை மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வேம்பும் லேசுப்பட்ட மரமில்லை. வெட்டின இடத்தில் ரோஷம் வந்ததுபோல ஒன்றுக்கு ஒன்பதாய்த் தழைத்து, மறுவருஷமே கம்பியைத் தொட்டுவிடும். மறுபடியும் அரிவாள். இப்படியே பத்துப் பதினைந்து வருஷம் போனால் எந்த மரத்துக்கும் உள்ளே பொந்து விழத்தான் செய்யும்.

ஜாய்சி கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. அப்பா வளன் விசைப்படகில் போகிறவர். கடலை நம்பியே கிடந்த குடும்பத்தில் அவள் ஒருத்திதான் தோட்டக்கலை படித்துவிட்டுக் கரையில் நிற்கிற மரத்தைக் கட்டிக்கொண்டாள். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வரை பதினொரு காலனிகளின் மரங்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவளுடையது. முப்பத்தைந்து வயதில் இவ்வளவும் தானாகக் கட்டிக்கொண்ட தொழில். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

போன வருஷம் காலனிக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சொன்னாள். “மாந்தோப்புக்காரங்க காய்ப்புக்காக ஊத்துவாங்கல்லா, பேக்லோபியூட்ரசால், அதே மருந்துதான். அளவாக் கொடுத்தா மேல ஓடுத வளர்த்தி குறையும். மரம் தன் சாப்பாட்டை வேருக்கு அனுப்பும். இலை கொஞ்சம் சிறுசா இருந்தாலும் கரும்பச்சையா, கெட்டியா இருக்கும், வெயிலைத் தாங்கும். மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஊத்தினாப் போதும். அரிவாளுக்குப் பாதி வேலை மிச்சம்.”

“அப்போ மரத்துக்குக் குடும்பக் கட்டுப்பாடுன்னு சொல்லுங்க மேடம்!” என்றார் காலனிச் செயலாளர் ஆவுடைநாயகம். சபை விழுந்து விழுந்து சிரித்தது. பெயர் பிறந்தது அப்படித்தான். சிரித்த கையோடு தீர்மானத்தையும் நிறைவேற்றிவிட்டார்கள்.

மருந்தின் அளவு மரத்தின் சுற்றளவைப் பொறுத்தது. ஜாய்சியிடம் வேலை பார்க்கிற குற்றாலலிங்கம் அண்ணாச்சி நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றிப் பிடிக்க, அவள் படித்து நோட்டில் எழுதிக்கொண்டாள். புரட்டாசியில், மழைக்கு முன்னால், தூரைச் சுற்றி வாய்க்கால் மாதிரி கீறி மருந்தைக் கரைத்து ஊற்றினார்கள். மாசியில் வேம்பு இலை உதிர்த்தது. பங்குனியில் பதின்மூன்று மரங்கள் செந்தளிர் விட்டு, கம்பிக்கு ஒரு முழம் கீழேயே அடக்கமாக நின்றன. பார்க்கிறவர் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

ஏழாம் நம்பர் மட்டும் தழைக்கவில்லை. கிளை நுனிகளில் மிளகு அளவுக்குக் கொத்துக் கொத்தாய் ஏதோ சுருண்டு நின்றது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் பட்ட மரம்தான்.

அது சாதாரண மரமாக இருந்தாலும் பரவாயில்லை. அதுதான் அம்மன் மரம். மில்லில் நூல் நூற்ற பெண்கள் நேர்ந்துகொண்டு சேலை சாத்துகிற மரம். கணுக்காலில் தொடங்கி ஆள் உயரத்துக்கு மேலே வரை மஞ்சளும் சிவப்புமாகச் சேலை. செவ்வாய்க்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள் பேச்சித்தாய். முப்பது வருஷம் மில்லில் நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கிப்போனவள். இரண்டு வாரமாக அவளுக்கும் ஜாய்சிக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஆவுடைநாயகம் போன் போட்டு வரச்சொல்லியிருந்தார். ஜாய்சி வந்து ஸ்கூட்டரை நிறுத்தும்போது ஏழாம் நம்பருக்கு அடியில் கையில் ஒரு தாளோடு நின்றார். அவர் வீடு நேர் எதிரே. மாடியில் புதிதாகச் சோலார் தகடு பதித்திருக்கிறார். அதன்மேல் மத்தியானம் வரை நிழல் கட்டுவது இந்த மரம்தான். அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே தெருவுக்கெல்லாம் தெரியும்.

“வெட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கு” என்று தாளை நீட்டினார். “கீழ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

ஜாய்சி படித்தாள். ஏழாம் எண் வேம்பு முற்றிலும் பட்டுவிட்டது, எந்நேரமும் விழக்கூடும், பரிசோதித்துச் சான்றளிக்கிறேன்.

“மரம் சாகல அண்ணாச்சி.” பையிலிருந்த கத்தியால் தாழ்ந்திருந்த ஒரு குச்சியைச் சுரண்டினாள். தோலுக்கு அடியில் பச்சை. “பாருங்க. உயிரு இருக்கு.”

“பாக்குதவனுக்குச் செத்த மரமாத்தான தெரியுது?” என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “இந்தா பாரும்மா, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். வயசாகிப் பட்டுப்போச்சுன்னு எழுதிட்டா அத்தோட முடிஞ்சுது. யாரும் உன்னைய ஒரு கேள்வி கேக்கமாட்டான். கையெழுத்துப் போடலைன்னு வையி, மருந்து ஊத்தினது யாருன்னு பேச்சு வரும். அதுவும் அம்மன் மரத்துக்கு. வேதக்காரி வேணும்னே செஞ்சுட்டான்னு நாலு பேரு பேசுவான். நான் பேசமாட்டேன். பேசுதவன் பேசுவாம்லா? மத்த பத்துக் காலனிக்காரனும் நம்ம வாட்ஸ்அப் குரூப்புலதான் இருக்கான்.”

நேற்று வரை மேடமாக இருந்தவள் இன்றைக்கு ‘பாரும்மா’வுக்கு இறங்கிவிட்டதை ஜாய்சி கவனித்தாள். கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது, அதை மறைப்பானேன். வேதக்காரி என்ற சொல்லை இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் அவள் கேட்டதில்லை. இதே மனிதர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுத்து, கார்த்திகைக்குக் கொழுக்கட்டை வாங்கித் தின்றிருக்கிறாள். ஒரு கையெழுத்துக்காக எதையெல்லாம் எடுத்து வெளியே போடுகிறார்கள், பாருங்கள்.

அதைவிடக் கொடுமை, மரத்துக்கு என்ன வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரே மருந்து, ஒரே நாள், ஒரே கை. பதின்மூன்றுக்குப் பிடித்தது இதற்கு ஏன் பிடிக்கவில்லை? இரண்டு வாரமாகத் தூக்கமில்லாமல் யோசித்தும் பிடிபடவில்லை. தெரியாத ஒன்றுக்காக எத்தனை நேரம்தான் வாதாட முடியும்?

“ஒதுங்குங்க” என்றது ஒரு குரல். பேச்சித்தாய் வந்துகொண்டிருந்தாள். கையில் மடிப்புக் கலையாத மஞ்சள் சேலை, பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர். ஜாய்சியை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மரம் பிழைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கொண்டுவந்த சேலை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சேலையை நாடா போல நீளவாக்கில் மடித்து, மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் சுற்று பாதி வருவதற்குள் முந்தானை கைக்கு வந்துவிட்டது.

“முன்னாலயெல்லாம் ஒரு சேலை நாலு சுத்து வரும்” என்றாள் ஆவுடைநாயகத்தைப் பார்த்து, நல்ல சூட்டோடு. “இப்போ ரெண்டரைச் சுத்துக்கே முந்தி வந்து நிக்குது. தாயி பெருத்துக்கிட்டேல்லா போறா! இப்படிப் பெருக்குத மரத்தைப் போயி பட்டுப்போச்சுங்கீரே, உமக்கு வாயி கூசலையா வே?”

ரெண்டரைச் சுற்று என்றது காதில் விழுந்ததும் ஜாய்சியின் கை பைக்குள் போனது.

நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஒன்று, ஐந்தடி. இரண்டு, ஐந்தே கால். மூன்று, ஐந்தடி. இப்படியே வந்து, ஏழு, ஏழரை அடி. பிறகு மறுபடியும் ஐந்து, ஐந்தே கால். ஒரே நாளில் நட்ட பதினான்கு மரத்தில் ஒன்று மட்டும் ஏழரை அடி பருக்குமா? அன்றைக்கே இது உறைத்திருக்க வேண்டாமா? படித்த படிப்பெல்லாம் எங்கே போயிருந்தது?

அளந்த நாள் கண்முன்னே வந்து நின்றது. டேப்போடு தயங்கி நின்ற குற்றாலலிங்கம் அண்ணாச்சி, “சேலைக்கு மேலயே வச்சிருவோம்மா, அவுக்கவா முடியும்?” என்று கேட்டார். அவளும் சரி என்றாள். அவள் ஊர்க் கெபியில், அந்தச் சின்னக் குகைக் கோயிலில், மாதா சுரூபத்துக்குச் சாத்திய சேலையைக் கண்டவர்களும் தொட்டுவிட முடியாது. அதற்கென்று ஆள் உண்டு, நாள் உண்டு. சின்ன வயதில் விளையாட்டாகத் தொட்டதற்கு அம்மா மார்கரெட் கையிலேயே ஒன்று போட்டாள். சாமி சேலையைத் தொடக்கூடாது என்பது அவள் உடம்பில் ஊறிய பாடம். அது யார் சாமியாக இருந்தால் என்ன? வேறொருத்தியாக இருந்தால் சட்டென்று விலக்கிவிட்டு அளந்திருப்பாள். மரியாதை தெரிந்தவள் என்பதால் வந்த வினை.

இருபது இருபத்தைந்து வருஷச் சேலை, ஒன்றின்மேல் ஒன்றாக அரைச்சாண் கனம். அவள் மருந்து ஊற்றியது மரத்துக்கு மட்டுமில்லை, அத்தனை சேலைக்கும் சேர்த்து. ஒரு மடங்குக்கு ஒன்றரை மடங்கு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆக, தப்பு அவளுடையதுதான். அது இந்த நிமிஷம் உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தாள் இன்னும் கையில் இருந்தது. அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் மரத்தோடு சேர்ந்து தப்பும் விறகாகிவிடும். போடாமல் உண்மையைச் சொன்னால் பதினொரு காலனியும் போகலாம், ஆயுசுக்கும் ஊர்ப்பேச்சு கேட்க வேண்டியிருக்கலாம். ஒரு கணம் அவளுக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அதைப் பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள்.

பிறகு மேலே பார்த்தாள். மிளகு மிளகாகச் சுருண்டு நின்ற அந்தத் தளிர்கள், பிழைக்க வழி பார்த்துக்கொண்டு நின்றன. இவள் கொடுத்த அடியை வாங்கிக்கொண்டு நிற்கிற மரத்தைச் செத்ததாக இவளே எழுதிக் கொடுப்பதா? அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“பேச்சியக்கா, தப்பு என் மேலதான்” என்றாள். சத்தமாகவே சொன்னாள், தெருவுக்கே கேட்கட்டும் என்று. “சேலைக்கு மேல அளந்து மருந்து ஊத்திட்டேன். அளவு கூடிப்போச்சு. அதான் இலை சுருங்கி நிக்குது. விஷம் இல்ல. மரம் சாகாது.”

தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “அப்பவே சொன்னேன்” என்றது ஒரு குரல். அப்படி யாரும் எப்போதும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

“நீயே ஒத்துக்கிட்டியா?” என்றார் ஆவுடைநாயகம். அவருக்கு இது எதிர்பாராத லாபமா நஷ்டமா என்று புரியவில்லை. “சரி, டேப்பைப் பிடிச்சவன் யாரு, குற்றாலலிங்கமா? படிப்பறிவு இல்லாதவன். அவன் தப்புன்னு எழுதிட்டுப் போயேன். நீ ஏன் தலையில போட்டுக்கிடுத?”

“பிடிச்சது அவரு. படிச்சது நான், கணக்குப் போட்டது நான், ஊத்தச் சொன்னது நான். அவரைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதீங்க.”

பேச்சித்தாய் அவள் எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்றே ஜாய்சி நினைத்தாள்.

“ஏன்ட்டி, அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்கல அக்கா. அவுக்கச் சொன்னா சம்மதிப்பீங்களான்னு பயந்துட்டேன்.”

“சம்மதிச்சிருக்கமாட்டேன்தான்” என்றாள் பேச்சித்தாய். “அதுக்காவ? கேட்டிருக்கணும்லா? சண்டை போட்டிருக்கணும்லா? உன் மருந்து மேல உனக்கு நம்பிக்கை இருந்தா என்கூட மல்லுக்கு நின்னிருப்ப. மரியாதையாம் மரியாதை! எனக்கு மரியாதை பண்ணி எந்தாயிக்கு வயித்துல அடிச்சுட்டியேட்டி!”

ஜாய்சிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“இப்போ என்ன செய்யணும்?” என்றாள் பேச்சித்தாய்.

“மொதல்ல சரியா அளக்கணும். எம்புட்டுக் கூடிப்போச்சுன்னு தெரிஞ்சாத்தான் மாத்து மருந்தை எம்புட்டுத் தெளிக்கன்னு தெரியும். தண்ணி நல்லா கட்டணும். ரெண்டு வருஷத்துல தேறிரும். ஆனா சேலையை அவுக்காம ஒண்ணும் முடியாது. காத்துப் படாம பட்டையும் அழுகிருக்கும்.”

“அம்மன் சேலையில கை வைக்கதா? அதுவும் இவ சொல்லியா?” என்று ஆவுடைநாயகம் முன்னால் வந்தார். “சாமி குத்தம் ஆயிரும், பேச்சி!”

பேச்சித்தாய் அவர் பக்கம் திரும்பினாள். “மரத்தை வெட்டினா குத்தம் இல்ல, சேலையை அவுத்தாத்தான் குத்தமா? நல்லாருக்கு வே உம்ம பக்தி! சேலை போனா வேற சேலை எடுப்பேன். மரம் போனா உம்ம மாடியிலயா போய் விளக்கேத்துவேன்?”

சிரிப்பை அடக்கமாட்டாமல் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடைநாயகம் தன் மாடியைத் தானே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பேச்சித்தாய் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். இப்போதுதான் சாத்திய மஞ்சள் சேலையை முதலில் அவிழ்த்தாள். பிறகு அதற்கு அடியில் இருந்ததை. ஒரு கட்டத்தில் முடிச்சு இறுகிக் கை வலித்தபோது, திரும்பிப் பார்க்காமலேயே, “என்ன பாத்துக்கிட்டு நிக்க? பிடி இந்த முனையை” என்றாள். ஜாய்சி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தாள். ஒருத்தி அவிழ்க்க ஒருத்தி சுருட்ட, முக்கால் மணி நேரம் பிடித்தது. மேலே நைலான் சேலை, கீழே மெல்லிய வாயில் துணிச் சேலை, அதற்கும் கீழே நிறம் போய் இற்றுப்போன நூல் சேலைகள். ஒவ்வொன்றும் யாருடையது, எதற்கு நேர்ந்தது என்று பேச்சித்தாய்க்குத் தெரிந்திருந்தது. இது கனிக்குப் பிள்ளை பிறந்ததற்கு, இது மில்லில் வேலை நிரந்தரமானதற்கு என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்தாள். கடைசி அடுக்கு ஈர மண்ணாகக் கையோடு வந்தது. பட்டை கறுத்து, இரண்டு இடத்தில் விரல் வைத்தால் அமுங்கியது.

ஜாய்சி டேப்பைச் சுற்றினாள். “நீங்களே படிங்க அக்கா.”

பேச்சித்தாய் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். “அஞ்சடி. ஒரு இஞ்சு.”

ஜாய்சி நோட்டில் ஏழரையை அடித்துவிட்டு ஐந்தடி ஒரு அங்குலம் என்று எழுதினாள். பிறகு ஆவுடைநாயகத்தின் தாளை ஸ்கூட்டர் சீட்டின்மேல் விரித்தாள். ‘முற்றிலும் பட்டுவிட்டது’ என்பதைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: உயிரோடு இருக்கிறது. மருந்தின் அளவு கூடியது என் தவறு. வெட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கையெழுத்தைப் போட்டு அவரிடமே நீட்டினாள்.

“கையெழுத்துக் கேட்டீங்கல்லா. இந்தாங்க.”

“இதை நான் குரூப்புல போட்டா உன் தொழிலே போயிரும்மா” என்றார் அவர். இப்போது அவர் குரலில் மிரட்டல் பாதி, நிஜமான திகைப்பு பாதி. “தன் தப்பைத் தானே எழுதிக் கொடுக்கிறவ எவளும் உண்டா?”

“நீங்க போட வேண்டாம். நானே போடுதேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை அவள். பேச்சித்தாய் வீட்டு வாசலில் ‘வீடு வாடகைக்கு’ என்று எழுதின தகரப் பலகை ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினாள். பின்பக்கத்தைத் துடைத்து, மரத்துக்கு நம்பர் போடுகிற சிவப்புப் பெயிண்டில் எழுதினாள்: ‘இந்த மரத்துக்கு மருந்து அதிகமாகிவிட்டது. தவறு என்னுடையது. மரம் உயிரோடு இருக்கிறது. வெட்டக் கூடாது. கேள்வி கேட்க நினைப்பவர்கள் என்னைக் கேட்கலாம். ஜாய்சி.’ கீழே போன் நம்பர்.

ஆணி அடிக்க மாட்டாள் அவள், மரத்தில் ஆணி அடிக்கிறவர்களோடு எத்தனையோ சண்டை போட்டவள். எதைக் கொண்டு கட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பேச்சித்தாய் புது மஞ்சள் சேலையின் முந்தானையிலிருந்து ஒரு விரற்கடை அகலத்துக்குச் சர்ரென்று நீளமாய்க் கிழித்து நீட்டினாள். இரண்டு பேருமாகப் பலகையைக் கட்டினார்கள், இறுக்காமல், கீழே விரல் நுழைகிற மாதிரி. ஜாய்சி தள்ளி நின்று போட்டோ எடுத்துப் பதினொரு காலனிக்காரர்களும் இருக்கிற அந்தக் குரூப்புக்கு அனுப்பினாள்.

அரை நிமிஷத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஜாய்சி அதை எடுக்கப் போனாள்.

“ஏட்டி, இரு” என்று தடுத்தாள் பேச்சித்தாய். பலகைக்கு முன்னால் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள். “அந்த நம்பரை இன்னும் கொஞ்சம் பெருசா எழுது. ரோட்டுல போறவனுக்கும் தெரியணும்.”